சுண்ணாம்புக் கோட்டில் ஒரு வாசல்

மரம் விழுந்ததில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்றுதான் போன வாரம் தெருவே பேசிக்கொண்டது. தெருவுக்கு என்ன தெரியும்?

அந்த வீட்டுக் கொல்லை ஒன்றும் பெரிய மைதானம் இல்லை. ஒரு வேனை உள்ளே நிறுத்தினால் சுற்றி நடக்க முடியாது. அதில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு கிழட்டு மரம் நின்றது. பூக்காது, காய்க்காது, இலையை மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கும். காற்றில் அது வேரோடு சாய்ந்து, மறுநாள் அறுத்து ஏற்றிக்கொண்டு போனதும், வீட்டிலிருக்கும் மூன்று பேரில் இரண்டு பேருக்கு ஏழு யோசனை வந்துவிட்டது.

யோசனை வராத மூன்றாவது ஆள்தான் நம் கண்ணாடிக்கடை அக்கா.

பெரிய சாலையில் மூக்குக்கண்ணாடி விற்கும் கடையில் அவளுக்கு வேலை. காலை முதல் மாலை வரை, வருகிறவர்களின் மூக்கில் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லா தெரியுதா, இல்ல முன்னாடி போட்டது நல்லா தெரிஞ்சுதா?" என்று கேட்பாள். ஊரில் பாதிப் பேரிடம் கேட்டிருப்பாள். அவளிடம் அப்படி யாராவது கேட்டார்களா என்றால், அது வேறு கதை. கல்யாணம் ஆகாததற்குத் தெருவிடம் ஏழெட்டுக் காரணம் கைவசம் இருக்கிறது. ஒன்றுகூட அவள் சொன்னதில்லை. அப்பா அம்மா போன பிறகும் கொல்லையை ஒட்டிய அதே பின்னறையில் இருக்கிறாள். முன்பக்கம் தம்பியும் அவன் பெண்டாட்டியும். அவர்கள் மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

தம்பிக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. எந்நேரமும் இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருப்பவன். அவன் பெண்டாட்டி பிசியோதெரபி செய்கிறவள். வளையாத தோளையும் மடங்காத முட்டியையும் வளைத்து மடக்கி வழிக்குக் கொண்டுவருவாள். அதனால் பேச்சும் அப்படித்தான், நேராக வந்து மூட்டில் அழுத்தும்.

இந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை நீட்டினாலும் முதல் தடவை "வேண்டாம்" என்பார்கள். இரண்டாம் தடவை "எதுக்கு சிரமம்?" மூன்றாம் தடவை கேட்டால்தான் கை நீளும். அம்மா இருந்தவரை மூன்று தடவை கேட்க ஒரு ஆள் இருந்தது. தம்பி பெண்டாட்டி பிறந்த வீட்டில் ஒரே தடவைதான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் மூடியைப் போட்டு மூடிவிடுவார்கள். இதில் யாரைக் குற்றம் சொல்வது? ஆனால் இந்த வீட்டுக்கு அவள் வந்த நாளிலிருந்து அக்கா எத்தனை காபியை இழந்திருப்பாள் என்று நினைத்தால் நமக்கே தொண்டை வறள்கிறது.

சின்ன இடத்தைப் பல விதமாகப் புழங்கும்படி அமைத்துக்கொடுப்பதற்கென்றே ஒரு பெண் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, தம்பி அவளைக் கூட்டிவந்தான். இடுப்பில் டேப்பும் காதில் பென்சிலுமாக வந்தவள், மூன்று பேரையும் உட்காரவைத்து, "இந்தக் கொல்லையில நீங்க என்ன பண்ணுவீங்க, என்ன வேணும்?" என்று கேட்டாள்.

தம்பி பெண்டாட்டி ஒரு மூச்சு சொன்னாள். தம்பி அரை மூச்சு சொன்னான்.

"உங்களுக்கு என்ன வேணும்மா?"

"எனக்கென்ன, ஒண்ணும் வேண்டாம்."

"சரிம்மா" என்று டேப்புக்காரி தாளைத் திருப்பிவிட்டாள். பாவம், வெளியாள். இன்னும் இரண்டு தடவை கேட்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அக்காவுக்கு ஒன்றுமே வேண்டாமா என்ன? வேலை முடிந்து வந்ததும், துவைக்கிற மேடையின் ஓரத்தில், மரத்துக்குப் பின்னால், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். நாள் முழுக்கப் பொடி எழுத்தைப் பார்த்த கண்ணுக்குத் தூரமாக எதையாவது பார்க்க வேண்டும். மரம் போன பிறகு அந்த இடத்தில் உட்கார்ந்தால் எதிர்மாடிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிகிறது. ஒரு வாரமாக அறைக்குள்ளேயே சன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அங்கிருந்து பார்க்கிறாள். அந்த ஒரு சன்னல்தான் அவளுக்கு மிச்சம்.

இப்படியாகத்தானே ஞாயிற்றுக்கிழமை விடிந்தது.

டேப்புக்காரியின் வேலைமுறை கொஞ்சம் விசித்திரம். வரைந்த தாளை நீட்டிவிட்டுப் போகமாட்டாள். தாளில் இருப்பதை அப்படியே, அதே அளவில், தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிடுவாள். பெஞ்சு வருகிற இடத்தில் பெட்டி, மேசை வருகிற இடத்தில் அட்டை.

"இன்னிக்கு ஒரு நாள் இந்தக் கோட்டுக்குள்ளயே புழங்கிப் பாருங்க. எங்க இடிக்குது, எங்க முட்டுதுன்னு சாயந்தரம் போன் பண்ணிக் கேக்கறேன். நாளைக்குக் காலையில மேஸ்திரி வந்துடுவார். கட்டினப்புறம் மாத்தணும்னா என்னைத் திட்டக்கூடாது."

சொல்லிவிட்டுப் பொடியைத் தூவ ஆரம்பித்தாள். கெட்டிக்காரிதான், ஒத்துக்கொள்ள வேண்டும். மதிலோடு மடக்கி வைக்கிற மேசை, இறக்கினால் சாப்பாட்டுக்கு, ஏற்றினால் சிகிச்சைக்கு இடம். உட்காருகிற பெஞ்சின் மூடியைத் தூக்கினால் உள்ளே வாளியும் துடைப்பமும். துணிக்கொடி சுவரிலிருந்து இழுத்தால் வரும், விட்டால் உள்ளே ஓடிவிடும். தொட்டிச் செடிகள் தரையில் இல்லை, மதில் மேல் படிப்படியாக. காலையில் துணி காயும் அதே கட்டத்தில் பகலில் நோயாளி படுக்கலாம், சாயந்தரம் தம்பி தன் மோட்டாரைப் பிரித்துப்போட்டுக் குடையலாம்.

"பெஞ்சு ரெண்டு பேர் உக்கார்ற மாதிரி போட்டிருக்கேன் மேடம்" என்றாள் டேப்புக்காரி.

"ஒருத்தர் உக்கார்ற அளவு போதும்" என்றாள் தம்பி பெண்டாட்டி. "மிச்சத்துல ஒரு அலமாரி வெச்சிடுங்க."

பெஞ்சுக்கு வைத்த பெட்டியைத் தம்பி குனிந்து ஒதுக்கி வைத்தான். கூடாதென்று அவன் எதற்குத்தான் சொன்னான்?

அக்கா அழுக்குத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனாள்.

"அண்ணி! அண்ணி! சுவத்துக்குள்ள நடக்கறீங்க!" என்று தம்பி பெண்டாட்டி கத்தினாள்.

அக்கா திடுக்கிட்டு நின்றாள். குனிந்து பார்த்தால் காலுக்கடியில் வெள்ளைக்கோடு.

"சுவரா? எங்கம்மா?"

"அலமாரிக்கு எழுப்பற சுவர். சுத்தி வாங்க."

இல்லாத அலமாரியைச் சுற்றிக்கொண்டு அக்கா வந்தாள். வாளி இடிக்கப்போகிறதே என்று கையை வேறு ஒடுக்கிக்கொண்டாள். எதிர்மாடியில் நின்று பார்த்தவர்களுக்கு அன்று காலை டீவி தேவைப்படவில்லை.

சுற்றி வந்தவள் தன் அறைச் சன்னலுக்குக் கீழே நின்றாள். அங்கே இரண்டு செங்கல், நடுவில் இடைவெளி விட்டு நட்டு வைத்திருந்தது. செங்கல்லுக்கு இந்தப்பக்கம் ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரு அட்டைப்பெட்டி.

"இது என்னம்மா?"

"வாசல்" என்றாள் டேப்புக்காரி, பொடி தூவிக்கொண்டே. "பெட்டி இருக்கற எடத்துல சின்னதா ஒரு மேடை, ஒரு அடுப்பு, ஒரு குழாய். சார் தனியா சொல்லி அனுப்பினார்."

"யாருக்கு?"

"ஒருத்தர் தனியா புழங்கறதுக்குன்னு சொன்னார்மா. வீட்டுக்குள்ள வராம பக்கவாட்டு சந்து வழியாவே வந்து போய்க்கலாம். யாருக்கும் தொந்தரவு இல்ல பாருங்க."

யாருக்கும் தொந்தரவு இல்லை. அக்கா அந்த இரண்டு செங்கல்லையும், அதற்கு நேர்மேலே இருந்த தன் சன்னலையும் பார்த்தாள். சன்னலை இடித்தால்தான் வாசல். வாசல் வந்தால் அவள் தனி. அடுப்பு தனி, குழாய் தனி, வழி தனி.

துணியைப் போட்ட வாளியில் சோப்பைப் போட மறந்து வெறும் தண்ணீரில் அலசிக் காயப்போட்டாள்.

தம்பியிடம் கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். கேட்கத்தான் போனாள். அவன் முன்னறையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, ஒரு விஷயம்..."

"அக்கா, அப்புறம் பேசலாம். ஒரு அபார்ட்மெண்ட்ல லிஃப்ட் நின்னுடுச்சு, ஆள் மாட்டிக்கிட்டாங்க."

"ஞாயித்துக்கிழமைகூடவா?"

"மாட்டிக்கிறவங்க கிழமை பாத்தா மாட்டிக்கிறாங்க?"

போய்விட்டான். மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால் ஓடுகிறவன்தான். ஆனால் அதற்கு மணியடிக்க வேண்டும். அக்காவுக்கு மணியடிக்கத் தெரியாது.

பகலில் தம்பி பெண்டாட்டி ஒரு பாயைக் கொண்டுவந்து கட்டத்துக்குள் விரித்தாள்.

"அண்ணி, கொஞ்சம் வந்து படுங்க. ஆள் படுத்தா நான் சுத்தி வர எடம் இருக்கான்னு பாக்கணும்."

"நான் எதுக்கு? ஒரு தலையணையப் போட்டுப் பாரேன்."

"தலையணைக்குத் தோள் இருக்கா? வாங்க."

அக்கா படுத்தாள். மேலே வெறும் வானம். மரம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. தம்பி பெண்டாட்டி மண்டியிட்டு அவள் வலது தோளைப் பிடித்தாள்.

"அய்யோ, கல்லு மாதிரி இருக்கே! எத்தனை நாளா இப்படி?"

"அதெல்லாம் பழசு. விடு."

விடவில்லை. கட்டை விரலால் அழுத்தி மெதுவாகச் சுழற்றினாள். அக்காவுக்கு வலித்தது. வலியை விட வேறொன்றும் செய்தது. தன்மீது ஒரு மனுஷக் கை பட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவளுக்கே நினைவுக்கு வரவில்லை. கடையில் நாள் முழுக்க அடுத்தவர் காதோரம் முடி ஒதுக்கிச் சட்டம் மாட்டுகிறவள் அவள்தான். அவள் காதோரம் ஒதுக்க யார்? கண்ணை மூடிக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் அழுத்தமாட்டாளா என்று இருந்தது. அதை வாய்விட்டுக் கேட்டுவிடுவோமோ என்று பயமாகவும் இருந்தது.

"அண்ணி."

"ம்."

"தனியா இருக்கறது... பழகிடுமா?"

அக்கா கண்ணைத் திறந்தாள்.

"என்ன கேக்கறே?"

"இல்ல, சும்மா. ராத்திரி பேச யாரும் இல்லாம, தனக்கு மட்டும் ஒரு தட்டு கழுவி வெச்சிட்டு... கொஞ்ச நாள்ல பழகிடுமான்னு கேட்டேன்."

இதைவிடத் தெளிவாக ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது? தட்டுவரைக்கும் கணக்குப் போட்டுவிட்டார்களே! அக்கா தோளை விடுவித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"எல்லாம் பழகிடும்மா" என்றாள். "எடம் போதும். நல்லா சுத்தி வரலாம்."

தம்பி பெண்டாட்டி ஏதோ சொல்ல வந்தவள், பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை எதிர்மாடிக்காரர்கள் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவள் பார்க்கவில்லை.

சாப்பாட்டை மதிலோர அட்டை மேசையில் வைத்துச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் டேப்புக்காரியின் கட்டளை. தம்பி பெண்டாட்டி சாப்பிட்டுக் கையலம்பிய பிறகு அக்கா சாப்பிட்டாள். அக்கா எழுந்த பிறகு தம்பி வந்து சாப்பிட்டான். மூன்று பேரும் ஆளுக்கொரு தரம், யாரும் யாரையும் இடிக்காமல், அவ்வளவு கச்சிதமாகப் புழங்கினார்கள். கொல்லை பத்துப் பேருக்குப் போதும்போல் விசாலமாகத் தெரிந்தது.

வெயில் தணிந்தது. டேப்புக்காரி போன் பண்ணும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அக்கா தன் அறையில் சன்னலோரம் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தாள். "தம்பி, எனக்கு அந்த வாசல் வேண்டாம்." நன்றாயிருந்தது. ஆனால் அவன் "சரிக்கா, ஏன்?" என்று கேட்டால்? "உங்களோடயே இருக்கணும்." சீ, கேட்கவே பிச்சை மாதிரி இருக்கிறது. அதைச் சொல்வதற்குப் பேசாமல் தனி அடுப்பிலேயே சமைத்துக்கொள்ளலாம்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? வாயால் முடியாததைக் கையால் செய்தாள். கொல்லைக்குப் போய், குனிந்து, ஒரு செங்கல்லைப் பிடுங்கினாள். காலால் சுண்ணாம்புக் கோட்டைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கக் கோடு அழியாமல் அகலமாகப் பரவியது. ஆத்திரம் வந்தது. இன்னும் தேய்த்தாள்.

"அக்கா! என்ன பண்றே?"

தம்பி பின்வாசல் படியில் நின்றான். அப்போதுதான் கைகால் கழுவியிருந்தான் போல, முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பாத்தா தெரியல?"

"காலையில அவ்வளவு நேரம் அந்தப் பொண்ணு கோடு போட்டுட்டுப் போயிருக்கா. அதைப் போய்..."

"என் சன்னல இடிக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா நீ?"

"சன்னலா?"

"தனி வாசல், தனி அடுப்பு, தனி குழாய். நான் உங்களுக்கு அவ்வளவு பாரமாயிட்டேனா? உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனவடா நான். போறதுன்னா நானே போயிருப்பேன். சந்து வழியா வந்து போற ஆளா என்னை ஆக்கணுமா?"

சொல்லி முடித்ததும் அவளுக்கே மூச்சு வாங்கியது. வாழ்நாளில் இவ்வளவு நீளமாக அவள் தனக்காகப் பேசியதில்லை. கையில் செங்கல் வேறு.

தம்பி படியிறங்கி வந்தான். சன்னலையும் மிச்சமிருந்த ஒற்றைச் செங்கல்லையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு, என்ன ஆச்சரியம், சிரித்தான். சிரிப்பா அது? வாய் மட்டும்தான் அகன்றது.

"இது உன் சன்னலுக்கு இல்லக்கா. அந்தப் பக்கம் சாமான் ரூமுக்கு." அடுத்த சுவரைக் காட்டினான். "இந்தத் துவைக்கிற மேடை நடுவுல நிக்குதில்ல, அங்க செங்கல் வெக்க எடமில்ல. அதனால அந்தப் பொண்ணு இங்க தள்ளி வெச்சிருக்கா. மேடையை இடிச்சிட்டா சரியாயிடும்."

"சாமான் ரூமுக்கா? அதுல பழைய பாத்திரமும் உடைஞ்ச கட்டிலும்தானே இருக்கு. அங்க யாருடா வரப்போறா?"

தம்பி கழுத்தைத் துடைத்துக்கொண்டான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"நான்தான்."

தனக்கில்லை, தன் சன்னல் தப்பித்தது என்று தெரிந்த அந்த முதல் நொடியில் அக்காவுக்கு வந்தது நிம்மதிதான். அதை மறைப்பானேன். அடுத்த நொடியில்தான் தம்பி முகம் அவள் கண்ணில் பட்டது.

"என்னடா உளர்றே?"

"உளறலக்கா. கொஞ்ச நாளாவே இப்படித்தான். சண்டைகூட இல்ல. சண்டை போட்டாலாவது பேசின மாதிரி இருக்கும்." குரலைத் தாழ்த்தினான். "பொண்ணு லீவுக்கு வந்தா ஒரே வீட்டுல இருக்கற மாதிரி இருக்கணும். வெளிய வீடு பாத்துப் போனா தெரு பேசும். இப்படின்னா, அப்பா கொல்லைப்பக்கம் வேலை பாத்துட்டு அங்கயே தூங்கிட்டார்னு சொல்லிக்கலாம்."

தெரு பேசுமாம்! பேசாமல்தான் இருந்துவிடுமா?

அக்கா வீட்டுப்பக்கம் பார்த்தாள். உள்ளே விளக்குப் போட்டிருந்தது. பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. பகலில் தோளை அழுத்தியபடி அவள் கேட்ட கேள்வி இப்போதுதான் அக்காவுக்குக் காதில் விழுந்தது.

"அவளுக்குத் தெரியுமா?"

"அளவே அவதான் குடுத்தா. கட்டில் போட்டா கதவு திறக்க எடம் வேணுமேன்னு ரெண்டு தடவை டேப் பிடிச்சுப் பாத்தா."

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். பேரைப் பார்த்ததும் பேசாமல் மேடைமேல் வைத்துவிட்டான். அது அடித்துக்கொண்டே சிமெண்டுமேல் நகர்ந்தது. விழுந்துவிடப்போகிறதே என்று அக்கா செங்கல்லைக் கீழே போட்டுவிட்டு அதைப் பிடித்தாள். பிடித்த கையோடு காதில் வைத்தாள்.

"சார், எல்லாம் சரியா வந்துதா?" டேப்புக்காரியின் குரல் உற்சாகமாக இருந்தது. "நாளைக்கு முதல் வேலையா அந்த வாசலைத்தான் ஆரம்பிக்கலாம்னு மேஸ்திரி சொல்றார். வெச்சிடலாமா சார்?"

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெள்ளைப்பொடி அவன் ஈரக் காலில் ஒட்டியிருந்தது.

"நான் அவர் அக்கா பேசறேன்" என்றாள் அக்கா. "நாளைக்கு யாரும் வர வேண்டாம். அந்த வாசல் வேண்டாம்."

"அம்மா, சார்கிட்ட ஒரு வார்த்தை..."

"வேண்டாம்னா வேண்டாம்மா. நான் சொல்றேன்ல."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். பின்வாசல் படியில் தம்பி பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள். கையில் துடைத்துக்கொண்டிருந்த ஒரு தட்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"அதைச் சொல்ல நீங்க யாரு அண்ணி?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல, தட்டைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.